ரெண்டும் படிச்சவங்க குடுத்தது

என் அம்மாவுக்கு வந்த நோயின் படம் என் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரரின் முகம். கன்னமும் மூக்கும் தக்காளித் தோல் மாதிரி சிவந்து, கீழே ரோசேஷியா என்று பெயர் போட்டிருந்தது. பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்தேன். கேள்வி வந்தது, எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அதே நோய் எங்கள் வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்ததை மட்டும் நான் பார்க்கவில்லை. அம்மாவின் நிறம் அந்தப் புத்தகத்தில் இல்லாத நிறம்.

அம்மா பெயர் ஜெயஷீலா. திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருஷமாக வேலை. முதல் ஏழு வருஷம் பாத்திரமும் மாவும் தேங்காயும். பிறகு முதலாளி பத்மகுமார் வாசலில் கண்ணாடி போட்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி ஒரு தோசைக்கல் வைத்தார். முன்கல் என்று அதற்குப் பெயர். அதற்கு வந்த மாஸ்டர்கள் ஒவ்வொருவராகச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் போன அன்று வாசலில் கூட்டம் நின்றது, அம்மா போய்க் கரண்டியை எடுத்தாள். நான்கு வருஷம் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. வள்ளியூரிலிருந்து கட்டட வேலைக்குக் கம்பி கட்ட வந்த என் அப்பா பிச்சைக்கனியின் பெண்டாட்டி என்று இருந்தவள், எல்லாருக்கும் முன்கல்லு சேச்சி, முன்கல் அக்கா ஆனாள். பஸ் கண்டக்டர்கள் கண்ணாடிக்கு வெளியே இருந்தே விரலைக் காட்டி எத்தனை தோசை என்று சொல்வார்கள்.

போன மே மாதம் பத்மகுமார் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டார். முகத்தில் பருப்பருவாக, கருஞ்சிவப்பாக ஏதோ இருக்கிறது, பரவுமா என்று கஸ்டமர் கேட்கிறார்களாம். ஒருவன் சேச்சி குடிப்பாளா என்றுகூடக் கேட்டானாம். அம்மா இதையெல்லாம் மாவரைக்கிற சத்தத்துக்கு நடுவே கேட்டதுபோல, சுருக்கமாகத்தான் என்னிடம் சொன்னாள். நான் நேராக ஹோட்டலுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் மலையாளம்தான் வரும், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட மொழி அதுதான். பத்மகுமாரோ என்னைச் சமாதானப்படுத்தத் தமிழில் பேசினார்.

"மோளே, எனக்கு ஒண்ணும் இல்ல கேட்டோ. கண்ணாடிக்குப் பின்னால நிக்கிற முகமாச்சே. அத்தம் வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள சரியானா சேச்சிதான் முன்கல்லுல. இல்லேன்னா நாகர்கோவில்லேருந்து ஒரு மாஸ்டர் வர்றான், அவனை நிறுத்துவேன்."

அத்தம் என்றால் ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு. அன்றிலிருந்துதான் தம்பானூரில் கூட்டம் ஏறும். மூன்று மாதம் இருந்தது.

நான் பி.ஃபார்ம். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதே தம்பானூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கௌண்டரில் நிற்கிறேன். என் மோள் மருந்து படிச்சவ என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்ததால், வேலை முடிந்து வந்தால் வாசலில் யாராவது மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவளுக்கு அம்மா முகத்தில் இருப்பது தெரியவில்லை. பருவென்று நினைத்தேன், அடுப்புச் சூடு என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட, அது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் டாக்டர் ஸ்மிதா என்று ஒருவர். சின்ன வயசு. மலையாளத்தில் ஆரம்பித்தார், அம்மா என்னிடம் முணுமுணுத்ததைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழ். ஒரு கண்ணாடித் துண்டை அம்மாவின் கன்னத்தில் வைத்து அழுத்தி, நிறம் வெளுத்துத் திரும்புகிறதா என்று பார்த்தார். வெயிலில் போனால் எரியுமா, சூடாக ஏதாவது குடித்தால் குபீரென்று ஏறுமா, கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்துமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா ஆமாம் என்றாள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

"ரோசேஷியா" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. "புஸ்தகம் படிச்சவா எல்லாரும் சிவப்பைத் தேடுவா. நம்ம நிறத்துல அது செம்புப் பாத்திரம் மாதிரிதான் தெரியும். பருன்னு நெனச்சுண்டு போயிடுவா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்க நிறைய இருந்தது. அவர் எழுதியது மெட்ரோனிடசோல் ஜெல். வயிற்றுப்போக்குக்கு நான் தினமும் எடுத்துக் கொடுக்கிற மருந்து முகத்தில் என்ன செய்யும்? முழுசாகத் தெரியாது, தோலுக்குள் இருக்கும் கொதிப்பைத் தணிக்கிறது என்பது மட்டும் தெரியும் என்று அவர் சொன்னபோது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. இது கேட்காவிட்டால் அசிலெயிக் ஆசிட் இருக்கிறது, முதலில் கொஞ்சம் சுரீரென்னும், ஆனால் கருந்திட்டையும் குறைக்கும். ஐவர்மெக்டின் க்ரீம் இருக்கிறது, எல்லார் முகத்துத் துவாரத்திலும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சிலரிடம் பெருகிவிடுகிறது, அதைக் குறைக்கும். என் முகத்திலுமா என்று கேட்டேன். உங்க முகத்துலயும் என் முகத்துலயும்தான் என்றார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எதுவானாலும் எட்டு வாரத்துக்குமுன் பலன் கேட்கக்கூடாது, சோப்புப் போட்டுத் தேய்க்கக்கூடாது, வெயிலில் போனால் சன்ஸ்க்ரீன், அடுப்பு எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு நல்லது. கடைசியாக, பேனாவை மூடிக்கொண்டே, இதற்கு முன்னால் ஏதாவது க்ரீம் போட்டீர்களா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே. தேங்காண்ணதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் அதை நம்பினேன்.

அன்று மாலையே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வெயில், என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் எந்த அடுப்புப் பக்கம், முகம் எப்படி. அம்மாவுக்கு இது பெரிய தமாஷ். சாம்பாரில் காரம் கூட இருந்தால் ஏறுகிறதா என்று பார்த்தேன், கொஞ்சம் ஏறியது. கட்டன் சாயாவை ஆற வைத்துக் கொடுத்தேன், ஏறவில்லை. சாயா குற்றவாளி இல்லை, சூடுதான். பத்மகுமார் பேச்சை எடுத்தால் ஏழு நிமிஷத்தில் கன்னம் செம்பாகிவிடும், அதையும் எழுதினேன். என்னையும் ஒரு பரிசோதனைக்கூட எலி ஆக்கிட்டே என்றாள் அம்மா. ஆனால் தினமும் மாலை அவளாகவே வந்து முகத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகக் காட்டுவாள்.

ஆறு வாரம் ஆனது. நோட்டு நிறைந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே மாவரைக்கும் இடத்தில் அனல் கிடையாது, ஆனாலும் முகம் அடங்கவில்லை. அடங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சில நாள் வழவழவென்று, எதுவுமே இல்லாததுபோல ஆகிவிடும். இரண்டே நாளில் அப்படி ஆகும். பிறகு திரும்ப எரியும். மெட்ரோனிடசோல் அப்படிப்பட்ட மருந்து இல்லை. அது மெதுவாக நடக்கிற கழுதை. இங்கே ஏதோ குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலைக் கடைசியில் வள்ளியூரில் எங்கள் சர்ச்சில் அசனம் வந்தது, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அம்மா நான்கு நாள் போனாள். ஜெல் ட்யூபை நானே பையில் வைத்தேன். திரும்பி வந்து ரயிலிலிருந்து இறங்கியவளை விளக்கடியில் நிறுத்திப் பார்த்தேன். கன்னம் வீங்கி, சீழ் வைத்த பொரிகள், கண்ணைச் சுற்றிச் செதில். வெயிலா, விருந்துச் சாப்பாடா? வீட்டுக்கு வந்து ட்யூபைப் பார்த்தேன். ஒழுங்காக, இரண்டு வேளையும் போட்ட அளவுக்குக் குறைந்திருந்தது. கேட்டேன், ஒரு வேளைகூட விடவில்லை என்றாள். நான் நம்பினேன்.

ஷாப்பில் கௌண்டரில் நின்றுகொண்டே இதை மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன். ஜெல் கூடவே போயிற்று. ஆனாலும் நான்கே நாளில் முகம் கொதித்துவிட்டது. அப்படியானால் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது வேறு ஏதோ. விட்ட நாலாம் நாள் பழிவாங்குகிற மருந்து எது என்று எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில், கீழ்த்தட்டில், வரிசையாக அடுக்கி இருந்தது.

மூன்று மருந்து கலந்த க்ரீம் அது. ஒன்று தோலை வெளுக்கும், ஒன்று உரிக்கும், ஒன்று ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, எல்லாரும் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து வாங்குவதால் எங்கள் கடையில் கல்யாண க்ரீம் என்போம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போனேன். அம்மா ஹோட்டலில் இருந்தாள். ஒரே அறை வீடு, தேட அதிக நேரம் ஆகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே, ஒரு காலி அட்டைப்பெட்டி சப்பையாக மடிந்து இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பழைய தலைவலித் தைல டப்பா. திறந்தால் தைலம் இல்லை, வெள்ளையாக ஒரு குழம்பு, ஜெல்லும் க்ரீமும் குழைத்தது. கழுவியும் போகாத தைல வாசனை வேறு.

அட்டைப்பெட்டியை விரித்தேன். மூலை தேய்ந்து, எண்ணெய் படிந்து, எத்தனையோ கை மாறியதுபோல இருந்தது. அதன்மேல் நீல மையில் எழுதியிருந்தது: ராத்திரி மட்டும். பத்து நாள்.

என் கையெழுத்து.

எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன், படித்துக்கொண்டே அந்தக் கடையில் பகுதி நேரமாக நின்றபோது, மாமா மகள் கல்யாணம். அம்மாவுக்குக் கன்னத்தில் லேசாக மங்கு. எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்ததைப்போல ஒரு ட்யூபை எடுத்து, படித்தவள் என்ற தோரணையில் பெட்டியில் எழுதியும் கொடுத்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

அம்மா வந்ததும் டப்பாவையும் பெட்டியையும் அவள் முன்னால் வைத்தேன். கத்தத்தான் நினைத்திருந்தேன். பத்து நாள் என்றுதானே எழுதினேன், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதா என்று கேட்டும்விட்டேன்.

அம்மா உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பத்து நாள்னு எழுதியிருந்தே. சரியா பத்து நாள் போட்டேன். பதினோராம் நாள் மூஞ்சி எரிஞ்சிச்சு. எரிஞ்சா என்ன செய்யணும்னு எழுதலியேடி."

எரிந்ததும் திரும்பப் போட்டிருக்கிறாள், அடங்கியிருக்கிறது. அடங்கியதும் நிறுத்தியிருக்கிறாள், மறுபடி எரிந்திருக்கிறது. ட்யூப் தீர்ந்ததும் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வேறு வேறு மெடிக்கல் ஷாப்பில் காட்டியிருக்கிறாள். என் மோள் மருந்து படிச்சவ, அவ எழுதித் தந்தது என்று சொல்லியிருக்கிறாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கடைக்கு மட்டும் வரவில்லை, முதலாளி முன்னால் எனக்குச் சிரமம் வேண்டாம் என்று.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பக்கத்துல இருக்கும்போ எப்படிச் சொல்லுவேன்? நீ குடுத்த மருந்துலதான் இப்படி ஆச்சுன்னு அந்தம்மா சொல்லிட்டா? எனக்கு அப்பவே கொஞ்சம் சந்தேகம்தான்."

"சந்தேகம் இருந்தா நிறுத்தியிருக்கலாம்லா. ஏன் ரெண்டையும் கலந்தே?"

"அவங்களும் படிச்சவங்க, நீயும் படிச்சவ. ரெண்டும் படிச்சவங்க குடுத்தது. நான் யார விட?"

தப்பு என்னோடது என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்காததுபோல, அந்த டப்பா மூடியை மட்டும் தூரப் போட்டுராதே, நல்ல மூடி என்றாள்.

மறுநாள் டாக்டர் ஸ்மிதாவிடம் நானே சொன்னேன். பெட்டியையும் தைல டப்பாவையும் மேஜையில் வைத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாரத்துக்கு நாலு பேர் இப்படி ஒரு பெட்டியோடு வருகிறார்கள், எழுதியவர் கூடவே வருவது இதுதான் முதல் தடவை என்றார். தைல டப்பாவை மோந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். இந்த நோய்க்கு ஆகாத வாசனைகளில் அதுவும் ஒன்று.

ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறது, விட்டதும் அவை மொத்தமாகத் திறந்துகொள்ளும், மூன்று நான்கு வாரம் இப்போதைவிட மோசமாக இருக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினார். ஸ்டீராய்டு இல்லாத வேறு ஒரு க்ரீமும் கேப்ஸ்யூலும் எழுதினார், முகம் ஆறியபிறகு ராத்திரிக்கு ஐவர்மெக்டின் என்றார். நான் நாள் எண்ணினேன். அந்த மோசமான வாரங்கள் முடிவதற்குமுன் அத்தம் வந்துவிடும்.

வெளியே வரும்போது நான் இன்னொன்றைக் கேட்டேன். ப்ரிமோனிடின் என்று ஒரு ஜெல், பூசினால் குழாய் சுருங்கிச் சில மணி நேரத்துக்குச் சிவப்பே தெரியாது. ஒருநாள் இரண்டுநாள் சமாளிக்கலாமே. இந்த நிலைமையில் வேண்டாம், சிலருக்கு விட்டதும் இரட்டிப்பாக ஏறும், பிறகு யோசிக்கலாம் என்றார் டாக்டர்.

நான் பிடிவாதக்காரி. வரவழைத்தேன். எங்கள் கடையில் கிடையாது, ஏஜென்சியில் சொல்லிவைத்து, என் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அத்தத்துக்கு நான்கு நாள் இருந்தது. அம்மாவின் முகம் பார்க்க முடியாதபடி இருந்தது. ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழைய க்ரீம் ஒருமுறை பூசினால் நாளை காலையே அடங்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை அவள் ஒரு தடவையும் கேட்கவில்லை.

ப்ரிமோனிடின் ட்யூபை எடுத்துக் காட்டி, இது வேறு மருந்து, காலையில் பூசினால் சாயங்காலம் வரை சிவப்பு இருக்காது, பத்மகுமார் முன்னால் போய் நிற்கலாம் என்றேன். பொரி இருக்கும், சிவப்பு மட்டும் போகும் என்பதையும் சொன்னேன்.

"சாயங்காலத்துக்கு மேல?"

"திரும்ப வரும். சிலருக்குக் கூடுதலா வரும்."

அம்மா ட்யூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ இதுவும் கல்யாண க்ரீம்தான்."

அது சரியில்லை. நல்ல மருந்து, உரிய ஆளுக்கு, உரிய நேரத்தில். அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் அதை எடுத்து வந்தது எதற்காக என்று எனக்கே தெரியும். அம்மாவுக்காக இல்லை, பத்மகுமாரை ஜெயிக்க. ட்யூபைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் அம்மா முகத்தை மூடாமல், அப்படியே ஹோட்டலுக்குப் போனாள். கூடவே நானும் போனேன், அவள் என்னை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பத்மகுமார் இரண்டடி பின்னால் போனார். அம்மா ஏதோ சொன்னாள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இது பரவாது, அத்தத்துக்குள்ள சரியாகாது, உன் மாஸ்டரைக் கூப்பிட்டுக்கோ, நான் வேலையை விடல்ல என்று சொன்னாளாம்.

அத்தத்தன்று நாகர்கோவிலிலிருந்து தாணுமாலையன் என்ற மாஸ்டர் வந்து முன்கல்லில் நின்றார். கை நல்ல கை, அதை அம்மாவே சொன்னாள். ஓணம் முழுக்க அம்மா உள்ளே தேங்காய் துருவினாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் கடைசியில் எரிச்சல் குறைந்தது. அக்டோபரில், துலாமாத மழை சாயங்காலம் தோறும் இடித்துக்கொண்டு பெய்த நாட்களில், பொரிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. நோட்டில் நான் போட்டுவந்த வரைபடம் கழுதை நடையில் இறங்கியது. இந்தத் தடவை நான் அதை ரசித்தேன். முழுசாகப் போகவில்லை. போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அடங்கி இருக்கும், சீண்டினால் ஏறும்.

தாணுமாலையனுக்குத் திருவனந்தபுரத்தில் தங்க விருப்பம் இல்லை. தினமும் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்துபோனார். வண்டி வந்து அவர் கரண்டியைப் பிடிக்க ஒன்பது மணி ஆகிவிடும். அதுவரை முன்கல் சும்மா காய்ந்தது. விடிகாலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அடுத்த ஹோட்டலுக்குப் போனார்கள். நவம்பரில் ஒருநாள் அம்மா பத்மகுமாரிடம் போய், வண்டி வர்ற வரைக்கும் நான் நிக்கேன் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வண்டி வர்ற வரைக்கும் மட்டும் என்றார்.

இப்போது ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை முன்கல் அம்மாவுடையது. காலைக் குளிரில் முகம் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. கழுத்தில் ஈரத் துண்டு, அரை மணிக்கு ஒருதரம் இரண்டு நிமிஷம் வாசலில் வந்து நிற்பாள். எனக்குத் தெரியாமல் அவளாகவே கண்டுபிடித்த கணக்கு அது. நாகர்கோவில் வண்டி லேட் என்றால் அன்று அவளுக்குக் கொண்டாட்டம்.

போன வாரம் காலை எட்டு மணிக்கு, கடை திறந்ததும், இருபது வயது இருக்கும் ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் செம்பு நிறம். கையில் ஒரு காலி அட்டைப்பெட்டி, மேலே யாரோ ஒருவரின் கையெழுத்து. அவள் பெட்டியை நீட்டவில்லை, பின்னால் மறைத்துப் பிடித்திருந்தாள். முன்கல்லு சேச்சி அனுப்பினார்கள் என்றாள் மலையாளத்தில். என்ன சொல்லி அனுப்பினாள் என்று கேட்டேன்.

தோசையைத் திருப்பிக்கொண்டே அம்மா சொன்னாளாம், என் மோளிடம் போ, அவள் இதைத் தரமாட்டாள், ஆனால் ஏன் என்று சொல்லுவாள் என்று.

கௌண்டர் பலகையைத் தூக்கி அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று முதலில் கேட்டேன்.